எஞ்சினைப் பின்னால், மேலே வைத்தால் எரிபொருள் எவ்வளவு மிச்சம்?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். திருச்செங்கோடு பக்கம் இறுதியாண்டு படிக்கிறீர்கள். உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த வடிவத்தில், 2 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ கன்ட்ரோல் மாதிரி செய்கிறீர்கள். எஞ்சினைப் பின்பக்கம் முதுகின் மேல் வைத்தால் 20 முதல் 50 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்று வீடியோக்களில் பார்த்திருக்கிறீர்கள். அது நிஜமா, நிஜமென்றால் போயிங்கும் ஏர்பஸ்ஸும் ஏன் இன்னும் இறக்கைக்கு அடியிலேயே தொங்கவிடுகிறார்கள், உங்கள் மாதிரியில் மோட்டாரை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: அந்த மிச்சம் எஞ்சின் இருக்கும் இடத்தால் வருகிறதா, விமானத்தின் வடிவத்தால் வருகிறதா? பெரும்பகுதி வடிவத்தால். இடத்தால் மட்டும் கிடைப்பது, எல்லாம் கூடிவந்தால், ஒற்றை இலக்கச் சதவீதம். தப்பான இடத்தில் வைத்தால் அதே அளவு கையை விட்டும் போகும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் குறைவேக விண்ட் டனலில் (மாதிரிகள்மேல் காற்றை ஓட்டிச் சோதிக்கும் கூடத்தில்) பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது கோவையில் ப்ளோயர், பம்ப் தயாரிப்பவர்களுக்கு டெஸ்டிங் செய்து கொடுக்கிறேன். இடையில் கல்லூரிப் பசங்களின் ப்ராஜெக்ட்டும் வரும். எனவே குறைந்த வேகத்தில் காற்று செய்வதை அனுபவத்தில் சொல்ல முடியும். ஒலியின் வேகத்தை ஒட்டி நடப்பதெல்லாம் நான் படித்தது, உடன் வேலை பார்த்தவர்களிடம் கேட்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில், அடியில் தொங்கவிடுவது பழக்க தோஷத்தால் அல்ல. 1949-இல் பறந்த பிரிட்டனின் காமெட் என்ற ஜெட் பயணிகள் விமானத்தில் நான்கு எஞ்சினும் இறக்கையின் வேர்ப்பகுதிக்குள் புதைந்திருந்தன. பார்க்க அவ்வளவு வழவழப்பு. ஆனால் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரைச் சுற்றி வழி விட வேண்டும். அடுத்து பெரிய எஞ்சின் வந்தால் அந்தப் பொந்தில் நுழையாது. (காமெட் விழுந்ததற்குக் காரணம் கேபின் உலோகத்தின் களைப்பு. எஞ்சின்மேல் பழி போடாதீர்கள்.) அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1947 டிசம்பரில், போயிங்கின் பி-47 குண்டுவீச்சு விமானம் எஞ்சின்களைத் தனிக் கூடுகளாக இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டுப் பறந்தது. காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கும்போது எஞ்சினின் எடை கீழே இழுத்துப் பிடிப்பதால் இறக்கையை லேசாகக் கட்டலாம். எடை இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது ஃப்ளட்டர் என்ற அதிர்வையும் அடக்க உதவுகிறது. எஞ்சினுக்கு யாரும் கலக்காத காற்று கிடைக்கிறது. மெக்கானிக் தரையில் நின்றபடியே மூடியைத் திறந்து வேலை பார்க்கலாம். இத்தனை வசதியை ஒரே இடத்தில் தருவதால்தான் எழுபது வருடத்துக்கு மேல் அது நிலைத்திருக்கிறது.

அந்த இடத்துக்கும் இப்போது நெருக்கடி வந்துவிட்டது. எரிபொருள் மிச்சமாக, எஞ்சினின் முன்னால் சுழலும் ஃபேன் பெரிதாகிக்கொண்டே போகிறது. போயிங் 737-இன் முந்தைய தலைமுறையில் ஃபேன் விட்டம் சுமார் 155 செ.மீ.; மேக்ஸ் வகையில் 176 செ.மீ. தரைக்கும் எஞ்சினுக்கும் இடைவெளி போதாததால் கூட்டை முன்னுக்கும் மேலுக்கும் நகர்த்தினார்கள். மூக்கு தூக்கலாக இருக்கும் நேரத்தில் அந்தப் பெரிய கூடே தூக்குவிசை உண்டாக்கி மூக்கை இன்னும் மேலே தள்ளும். அதைச் சமாளிக்க ஒரு மென்பொருள் வைத்தார்கள். அது ஒற்றை சென்ஸாரின் தவறான அளவை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியது. 2018-லும் 2019-லும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். எஞ்சினை நகர்த்தினால் மாறுவது இழுவை மட்டும் இல்லை, விமானத்தின் குணமே மாறும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது.

வாலுக்குப் பக்கத்தில் வைப்பதை 1955-லேயே பிரான்ஸின் காரவெல் விமானம் செய்து காட்டியது. இறக்கை சுத்தமாகும், கேபினில் சத்தம் குறையும். விலையும் உண்டு. எஞ்சினுக்கு வழி விட்டுக் கிடைமட்ட வாலை உச்சியில் ஏற்றினால், இறக்கை ஸ்டால் ஆகும்போது (காற்று பரப்பைவிட்டுப் பிரிந்து தூக்குவிசை போகும்போது) அதன் கலங்கிய காற்றில் வால் மாட்டிக்கொண்டு மூக்கை இறக்கவே முடியாமல் போகலாம். 1963-இல் பிஏசி ஒன்-இலெவன் சோதனை விமானம் அப்படித்தான் விழுந்தது. 1991 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய ஒரு எம்.டி-81 விமானத்தில் இறக்கைமேல் உறைந்திருந்த பனிக்கட்டி பெயர்ந்து பின்னாலிருந்த இரண்டு எஞ்சினுக்குள்ளும் போனது. இரண்டும் நின்றுவிட்டன, வயலில் இறக்கி எல்லோரும் பிழைத்தார்கள். உங்கள் வடிவத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். கலந்த இறக்கை விமானத்தில் எஞ்சினுக்கு முன்னால் ஒரு மைதானம் மாதிரி மேல்பரப்பு கிடக்கிறது. அதன்மேல் படியும் பனி எங்கே போகும் என்பதற்கு வீடியோக்காரர்கள் யாரும் பதில் சொல்வதில்லை.

இறக்கைக்கு மேலே வைப்பது பொதுவாக நஷ்டம் என்றுதான் எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மேல்பரப்பில் காற்று ஏற்கெனவே வேகமாக ஓடுகிறது. அங்கே ஒரு கூட்டைக் குறுக்கே நிறுத்தினால் இடுக்கில் வேகம் இன்னும் ஏறி அதிர்ச்சி அலை (ஒலியைத் தாண்டிய காற்று திடீரென வேகம் குறையும் இடம், அது இழுவையைக் கூட்டும்) வலுக்கும். 1971-இல் பறந்த ஜெர்மனியின் வி.எஃப்.டபிள்யூ 614 எஞ்சினை மேலேதான் வைத்தது; ஆனால் அது குறைந்த வேக விமானம், விற்பனையும் சொற்பம். ஹோண்டாஜெட் என்ற சிறிய ஜெட் விமானம் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் திருத்தியது. மிச்சிமாசா ஃபுஜினோ குழு எஞ்சினை இறக்கையின் பின்பகுதிக்கு மேல், அதிர்ச்சி அலை விழும் இடத்தைப் பார்த்து, அந்த அலையைப் பலவீனமாக்கும் விதத்தில் நிறுத்தியது. 2003-இல் முதல் பறப்பு, 2015-இல் அமெரிக்கச் சான்று. இடம் சற்றுப் பிசகினாலும் லாபம் நஷ்டமாகிவிடும் வகை இது. ஒரே வேகத்துக்கும் ஒரே இறக்கைக்கும் தைத்த சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வீடியோக்கள் சொல்லும் உண்மையான விஷயம்: உடலை உரசி வந்து வேகம் குறைந்த காற்றை எஞ்சின் விழுங்குவது. பி.எல்.ஐ. (பவுண்டரி லேயர் இன்ஜெஷன், அதாவது பரப்பை ஒட்டிய எல்லைப் படலக் காற்றை விழுங்குவது) என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தேஜஸ் விமானத்தை வைத்துக் காட்டலாம், சூலூரில் அது பறப்பதால் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு நல்ல படத்தைப் பெரிதாக்கி, காற்று நுழையும் வாயின் உட்பக்க ஓரத்தைப் பாருங்கள். வாய் உடலோடு ஒட்டியிருக்காது. இடையில் ஒரு சந்து இருக்கும். உடலின் மூக்கிலிருந்து உரசி வந்த சோம்பல் காற்று எஞ்சினுக்குள் போகாமல் அந்தச் சந்து வழியே வெளியேறட்டும் என்பதற்காக விட்ட இடம். போர் விமானம் வேண்டாம் என்று தள்ளும் அதே காற்றைத்தான் பி.எல்.ஐ. வேண்டும் என்கிறது.

ஏன் என்பதைக் கணக்காகவே பாருங்கள். விமானம் வினாடிக்கு 250 மீட்டரில் போகிறது. எஞ்சின் ஒரு கிலோ காற்றை 250-லிருந்து 350-க்கு வேகப்படுத்தினால் அதற்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் 30,000 ஜூல். அதே எஞ்சின், உரசலில் 150-ஆகக் குறைந்துபோன காற்றை எடுத்து 250-க்கு மட்டும் வேகப்படுத்தினால் 20,000 ஜூல். இரண்டிலும் வேக மாற்றம் 100 மீட்டர்தான், உந்துவிசையும் ஒன்றுதான். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். விமானத்துக்குப் பின்னால் தேங்கி நிற்கும் மெதுவான காற்றும், எஞ்சினிலிருந்து பாயும் வேகமான காற்றும் தனித்தனியே வீணாவதற்குப் பதிலாக ஒன்றை ஒன்று நிரப்பிக்கொள்கின்றன. கப்பலின் ப்ரொப்பெல்லர் பின்னால் இருப்பதில் இந்த லாபமும் சேர்ந்தே கிடைக்கிறது. இயற்பியலில் இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் அளவில்தான். நான் சொன்ன மூன்றில் ஒரு பங்கு காகிதக் கணக்கு. எஞ்சின் குடிக்கும் காற்று முழுவதும் அவ்வளவு மெதுவாக இருக்காது. தட்டைத் தகட்டுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 35 மீட்டர் நீள விமான உடலில், பறக்கும் உயரத்தில், வால் பக்கம் எல்லைப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய ஒரு அடிதான் வரும். அதிலும் நிஜமாகவே மெதுவாக இருப்பது பரப்பை ஒட்டிய பகுதி மட்டும். அது உடலைச் சுற்றி வளையமாகப் பரவியிருக்கிறது. எஞ்சின் வாய் அதில் ஒரு துண்டைத்தான் பிடிக்கும். இந்த விஷயத்தில் நான் நம்பும் அளவு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வடிவமைத்த டி8 என்ற பயணிகள் விமான வடிவத்தின் சோதனை. நாசா லாங்லியின் பெரிய டனலில், 11-இல் ஒரு பங்கு அளவு மாதிரியை வைத்து, அதே ஃபேன்களை ஒருமுறை தனிக் கூடுகளிலும் ஒருமுறை உடலின் பின்முதுகில் பதித்தும் ஓட்டினார்கள். மாதிரிமேல் முன்பின் விசை சுழியாகும் வரை ஃபேனை ஏற்றி, அந்த நிலையில் மின்சாரம் எவ்வளவு என்று அளந்தார்கள். பதித்ததில் சுமார் 8 சதவீதம் குறைவு. இதே டி8-ஐப் பற்றி 70 சதவீதம் என்றெல்லாம் பத்திரிகையில் வந்தது. அது உடல் வடிவம், புது எஞ்சின், புதுப் பொருள்கள், குறைத்த வேகம் எல்லாம் கூட்டிய கணக்கு. எஞ்சின் இடத்தின் பங்கு அந்த 8.

அந்த 8-ஐயும் ஃபேன் கொஞ்சம் தின்றுவிடும். இதைக் கோவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பம்ப்பின் சக்ஷன் வாயை ஒட்டி உடனே ஒரு பெண்ட் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஒரு பக்கம் வேகமாக, ஒரு பக்கம் மெதுவாக நுழையும். சத்தம் வரும், எஃபிஷியன்ஸி இறங்கும், பேரிங் சீக்கிரம் போகும். அதனால்தான் சக்ஷனுக்கு முன் நேர் பைப் விடச் சொல்கிறோம். பி.எல்.ஐ. ஃபேனின் நிலையும் இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பிளேடும் மெதுவான காற்றுக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேறுகிறது. அந்த அடி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் விழும். 2016-இல் நாசா க்ளென் மையத்தில் இதைத் தாங்கும்படி வடிவமைத்த ஒரு ஃபேனை டனலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. ஆனால் சில மணி நேரச் சோதனையில் ஓடுவது வேறு, ஏர்லைன் கேட்கும் பல்லாயிரம் மணி நேரம் ஓடுவது வேறு. தடித்த பிளேடின் எடை கணக்கில் ஏறும்.

இங்கே இன்னொரு சிக்கல், படிப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம். எஞ்சின் தனியாகத் தொங்கும்போது இழுவை இது, உந்துவிசை இது என்று பிரித்துச் சொல்லலாம். உடலோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. எஞ்சின் உறிஞ்சுவதால் உடலின் இழுவையே மாறுகிறது. எந்த விசையை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது. ஒரே விமானத்துக்கு இரண்டு ஆய்வறிக்கைகள் இரண்டு சதவீதம் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். நாசாவின் ஸ்டார்க்-ஏபிஎல் என்ற வடிவத்தில் இறக்கை எஞ்சின்கள் மின்சாரம் உண்டாக்கி வாலில் உள்ள ஃபேனைச் சுழற்றும். 2016-இல் 7 முதல் 12 சதவீதம் மிச்சம் என்றார்கள். பின்னர் திருத்திய கணக்கில் அது பாதிக்கும் கீழே வந்தது. ஜெனரேட்டர், கேபிள், மோட்டார் எல்லாவற்றின் எடையும் இழப்பும் சேரும்போது இப்படித்தான் ஆகும். இது மோசடி அல்ல, வடிவமைப்பு முதிரும்போது நடப்பதே.

அப்படியானால் 20, 50 எங்கிருந்து வந்தது? ஏர்பஸ் 2019-இல் மேவரிக் என்ற கலந்த இறக்கை மாதிரியைப் பறக்கவிட்டது; 2 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம், உங்கள் மாதிரிக்குப் பெரிய அண்ணன். 2020-இல் அதை அறிவித்தபோது 20 சதவீதம் வரை என்றார்கள். ஜெட்ஸீரோ என்ற அமெரிக்க நிறுவனம் 50 வரை என்கிறது. 2023-இல் அமெரிக்க விமானப்படை அதற்கு 23.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. இந்த எண்களின் முக்கிய ஊற்று, குழாய் உடல் போய் உடலே தூக்குவதாலும், காற்று உரசும் பரப்பு குறைவதாலும் வருவது. எஞ்சின் மேலே போனதற்குக் காரணங்கள் வேறு: கீழே தொங்கவிட்டால் சக்கரக் காலின் நீளம் போதாது, மேலே வைத்தால் உடல் மறைத்துச் சத்தம் தரைக்கு வராது. நாசாவும் போயிங்கும் பறக்கவிட்ட எக்ஸ்-48 மாதிரி இதற்குச் சாட்சி. 2007-இல் பறந்த பி வகையில் மூன்று எஞ்சின். 2012-இல் பறந்த சி வகையில் இரண்டாக்கி, பின்தளத்தை நீட்டி, செங்குத்து வால்களை எஞ்சினுக்கு இருபுறமும் கொண்டுவந்தார்கள். சத்தத்தை மறைக்கத்தான் அந்த மாற்றம். அதிலும் எஞ்சின்கள் உடலில் பதியாமல் பைலான் என்ற தாங்கியில் தூக்கி நின்றன.

இனி உங்கள் மாதிரி. பின்னால் ப்ரொப்பெல்லர் வைத்த விமானங்களில் நம்மவர்கள் செய்தது பெங்களூர் என்.ஏ.எல். (தேசிய விமான ஆய்வகம்) உருவாக்கிய சரஸ், 2004-இல் பறந்தது. (2009-இல் ஒன்று விழுந்து மூவர் இறந்தது, பறக்கும்போது எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனையில். எஞ்சின் இடத்தால் அல்ல.) இத்தாலியின் பியாஜியோ அவந்தியும் அதே வகை, வேகமானது, ஆனால் அதன் இரைச்சல் பிரசித்தம். இறக்கையின் கலங்கிய காற்றும் எஞ்சின் புகையும் ப்ரொப்பெல்லர்மேல் விழுவதால் வருவது அது. உங்கள் மாதிரியிலும் அந்த இரைச்சல் கேட்கும். ப்ரொப்பெல்லரை இறக்கையின் பின்விளிம்பிலிருந்து சில செ.மீ. தள்ளி வையுங்கள், குறையும்.

உயரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எடை 2 கிலோ, தூக்குவிசைக்கும் இழுவைக்கும் விகிதம் 8 என்று வைத்தால் சமமாகப் பறக்க 2.5 நியூட்டன் உந்துவிசை போதும். மோட்டாரை ஈர்ப்பு மையத்துக்கு 6 செ.மீ. மேலே தூக்கினால் மூக்கைக் கீழே திருப்பும் திருப்புவிசை 0.15 நியூட்டன் மீட்டர். வால் இல்லாத விமானத்தில் இதை எலிவானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகட்டை) தூக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். எலிவானுக்கு 20 செ.மீ. கைதான் இருக்கும், ஆக 0.75 நியூட்டன் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அது மொத்தத் தூக்குவிசையில் ஏறத்தாழ 4 சதவீதம். முழு த்ராட்டில் கொடுத்தால் மூன்று மடங்கு. பி.எல்.ஐ.-யில் கிடைப்பதை இதிலேயே தொலைத்துவிடுவீர்கள். மோட்டாரைத் தாழ்த்துங்கள், முடியாவிட்டால் உந்துவிசைக் கோடு ஈர்ப்பு மையத்தை நோக்கி வரும்படி சாய்த்து வையுங்கள். மோட்டார் பின்னால் போவதால் பேட்டரியை மூக்கு வரை தள்ள வேண்டிவரும். அதற்கான இடத்தை இப்போதே வரைபடத்தில் விடுங்கள், ஒட்டி முடித்த பிறகு ஈயம் வைப்பதைவிட அது மேல்.

முன்னாலா பின்னாலா என்றால், உங்கள் வேகத்தில் எனக்கே உறுதியாகச் சொல்ல வராது. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 30 செ.மீ. உள்ள இறக்கையில் வினாடிக்கு 15 மீட்டரில் ரெனால்ட்ஸ் எண் (அளவு, வேகம், காற்றின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்து ஓட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) 3 லட்சம்தான். அந்த அளவில் காற்று பரப்பைவிட்டுப் பிரிந்து மீண்டும் ஒட்டும் குமிழ் உண்டாகும். முன்னால் வைத்த ப்ரொப்பெல்லரின் கலக்கம் அந்தக் குமிழை உடைத்து நன்மையும் செய்யலாம். பெரிய விமானத்தின் எண்களை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. அளந்து பார்ப்பதே உங்கள் ப்ராஜெக்ட்டாக இருக்கட்டும். கல்லூரியில் டனல் இருந்தால் எம்.ஐ.டி. செய்த முறையைச் சின்னதாகச் செய்யுங்கள்: அதே மோட்டார், அதே ப்ரொப்பெல்லர், இரண்டு இடங்கள், முன்பின் விசை சுழியாகும்போது எத்தனை வாட். டனல் வாய் சிறிது என்றால் மாதிரியின் நடுத்துண்டை மட்டும் வைத்தாலும் போதும். பறக்கவிட்டு அளப்பதானால் இரண்டு அமைப்பிலும் எடையும் ஈர்ப்பு மையமும் ஒன்றாக இருக்கட்டும். காற்றை எதிர்த்தும் காற்றோடும் மாற்றி மாற்றி ஓட்டிச் சராசரி எடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாளில் 5 சதவீத வித்தியாசத்தைத் தேடுவது வெட்டி வேலை. விடிந்ததும் காற்று எழும் முன் முடித்துவிடுங்கள். பறக்கும் இடத்தில் அனுமதி உண்டா என்று மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சேலம் ஏர்போர்ட்டும் சூலூரும் கோவையும் தனித்தனியே வட்டம் போட்டு வைத்திருக்கின்றன. கையால் வீசிப் பறக்கவிடுவதானால், பின்னால் ப்ரொப்பெல்லர் இருக்கும் மாதிரியில் அது கையை விட்டுப் போன பிறகுதான் த்ராட்டில் கொடுக்க வேண்டும். வீசுபவரும் ரேடியோ பிடிப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.